மூன்று முழு உருவங்கள்

எங்கள் கட்டடத்தில் எட்டாம் வகுப்பை எட்டிப் பிடிக்கும் எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று ஓவியத்தின் மேல் ஆசை வந்துவிடும். அதுவரை நேராக ஒரு கோடு போடத் தெரியாத பையன்கூட, கலர் பெட்டியும் பெரிய அட்டையுமாக மாடிப்படி இறங்கிப் போவான். "டிராயிங் கிளாஸ்" என்று அவனைப் பெற்றவள் பெருமையாகச் சொல்வாள். இதில் கலையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மகாராஷ்டிராவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியத்துக்கென்று தனியாக ஒரு கிரேடு பரீட்சை உண்டு. முதலில் கீழ்ப் பரீட்சை, அதைத் தாண்டினால் மேல் பரீட்சை. மேல் பரீட்சையில் நல்ல கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பு மார்க்கோடு கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். கொஞ்சம்தான். ஆனால் அரை மார்க்கில் நல்ல காலேஜ் கை நழுவிப் போன கதை எங்கள் திலக் நகரில் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்கிறது. அதனால் எல்லாப் பிள்ளைகளும் வரைகிறார்கள்.

என் மகள் அப்படி இல்லை. யாரும் சொல்லாமலே வரைந்துகொண்டிருந்தவள் அவள். அவளையும் அந்தக் கிளாஸில் சேர்த்தோம். எங்களைப் போன்ற பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கைவந்த காரியம். பிள்ளைக்கு ஏதோ ஒன்று தானாக வருகிறது என்று தெரிந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதற்கு எத்தனை மார்க் என்று விசாரித்துவிடுவோம்.

நான் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் மளிகைக் கடை. இரண்டு பேர் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. நாங்கள் இரண்டு பேரும் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டை மட்டும் செம்பூர்ப் பக்கம், திலக் நகருக்கு மாற்றிக்கொண்டோம். மகளுக்குச் சயானில் பள்ளிக்கூடம். சாயங்காலம் வேன் அவளைக் கடை முனையில் இறக்கிவிடும். நான் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகிறவரை கடைதான் அவளுக்கு வீடு. கல்லாப் பக்கம் நின்றால் சாமான் எடுக்க இடைஞ்சல் என்று, கவுண்டருக்கு அடியில் அரிசி மூட்டையை ஒட்டி ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார் அவள் அப்பா. அந்தக் கவுண்டரின் முன்பலகை கீழ்ப்புறம் உடைந்து ஒரு முழத்துக்கு இடைவெளி இருந்தது. அவள் உட்கார்ந்தால் அதன் வழியாகத் தெரு தெரியும். தெருவென்றால் முழுத் தெரு இல்லை. முட்டிக்குக் கீழே உள்ள தெரு.

அதைத்தான் வரைவாள். பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி எதுவானாலும் பிரித்து, உள்பக்க அட்டையில் பென்சிலால் வரைவாள். கால்கள், செருப்புகள், மடித்துக் கட்டிய லுங்கியின் விளிம்பு, புடவைக் கரையில் ஒட்டிய சகதி. உயரம் போதாத சின்னப் பிள்ளை ஒன்று கட்டை விரலில் எம்பி நிற்கிற இரண்டு பாதங்கள். யாருடைய முகமும் இருக்காது. ஆனால் அந்தக் காலைப் பார்த்தால் அந்த ஆள் அவசரத்தில் இருக்கிறாரா, ஊர்க்கதை பேச வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். எனக்கு ஓவியத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சொல்ல முடிந்தது.

எதிர்ச் சந்தில் முறுக்குப் போடுகிற அண்ணாச்சி ஒரு நாள் எண்ணெய் வாங்க வந்தார். கவுண்டரில் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்காலுல்லா!" என்றார். "எண்ணெ தெறிச்ச தழும்பு வரைக்கும் இருக்கே. ஏட்டி, எங்காலு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"டெய்லி பாக்கேன்ல அங்கிள்" என்றாள் மகள், சாக்கில் உட்கார்ந்தபடியே.

அவர் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டார். "எம்மூஞ்சிய போட்டோ பிடிக்க எத்தனையோ பேரு இருக்காவ, எங்காலப் பாத்தது இவ ஒருத்திதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாராம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், இவள் எந்தப் பரீட்சையில் எந்த மார்க் வாங்கியபோதும் வந்ததில்லை.

பள்ளிக்கூடம் வேறு மாதிரி. பெற்றோரை அழைத்து விடைத்தாளைக் காட்டுகிற நாளில் போய் உட்கார்ந்தால், பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற தாளிலும் என் கையில் இருக்கிற தாளிலும் ஒரே வாக்கியம் இருக்கும். டீச்சர் எழுதிப்போட்டதை எல்லாரும் மனப்பாடம் செய்து இறக்கி வைத்திருப்பார்கள். என் மகள் தாளில் மட்டும் அங்கங்கே சிவப்பு வட்டம். வேர்வை எதற்கு வருகிறது என்ற கேள்விக்கு, ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்று வரும்போது காற்று வந்ததும் முதுகு குளிர்வதைச் சொல்லி, அதனால்தான் என்று எழுதியிருந்தாள். விஷயம் சரிதான். "புத்தகத்தில் உள்ள வார்த்தை இல்லை" என்று பாதி மார்க்கைப் பிடித்துவிட்டார்கள். நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவள். ஒரே மாதிரி இருந்தால்தான் வேலை ஓடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. வவுச்சர் ஆளுக்கொரு மாதிரி வந்தால் எனக்கே கோபம் வரும். ஆனால் வவுச்சரை யாரும் பத்து மாதம் சுமந்து பெறுவதில்லை. இதை அந்த டீச்சரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவருக்கும் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள்.

எட்டாம் வகுப்பு வந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"ஏளா, கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுதோம் பாத்தியா? எல்லாப் பிள்ளையும் அந்த டிராயிங் மார்க்குக்காக முட்டி மோதுது. நம்ம வீட்டுல ஒரு ஆளு சும்மாவே வரையுதா. கிளாஸ்ல சேத்துவிட்டா ஏ கிரேடு பக்கா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தன் வீட்டு ஹாலிலேயே கிளாஸ் நடத்தினார் ஒரு மராட்டி சார். தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். முதல் நாள் மகள் ஒரு பை நிறைய அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கிப் பையில் போட்டு, இதெல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், இங்கே கொண்டு வர வேண்டாம் என்றார். பிள்ளையின் திறமையைப் பார்த்து மலைத்துவிட்டார் என்று நானும் வீட்டுக்காரரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

அந்தப் பரீட்சையில் முக்கியமான தாள், நினைவிலிருந்து ஒரு காட்சியை வரைவது. காய்கறிச் சந்தை, பஸ் நிறுத்தம், ரயில் பிளாட்பாரம், திருவிழா என்று தலைப்பு வரும். நினைவிலிருந்து என்றால் பிள்ளை தான் பார்த்ததை நினைத்து வரைவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கிளாஸில் அதற்கு வேறு பொருள். ஒரு காட்சியை முன்கூட்டியே வரைந்து வரைந்து மனப்பாடம் செய்துவிட வேண்டும். மூன்று முழு உருவங்கள் வேண்டும், தலையிலிருந்து கால்வரை. ஒருவர் அருகில், ஒருவர் நடுவில், ஒருவர் தூரத்தில். அருகில் இருப்பவள் பச்சைப் புடவை கட்டிக் கூடை வைத்திருப்பாள். இடது பக்கம் மரம், வலது பக்கம் கூரை. கூரையைக் கொஞ்சம் மாற்றினால் சந்தை பஸ் நிறுத்தம் ஆகிவிடும். எங்கேயாவது காலி இடம் விழுந்தால் அங்கே பலூன் பிடித்த ஒரு குழந்தையை நிறுத்திவிட வேண்டும். மழை நாள் என்று தலைப்பு வந்தாலும் சரி, பலூன் உண்டு. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "கொட்டுற மழையில எவட்டி பலூன் விக்கா?" என்று கேட்டேன். "சார் அப்படித்தான் சொல்லியிருக்காங்கம்மா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சில மாதங்கள் அவளுக்குத் தலை வரவில்லை. கால், கை, துணி மடிப்பு எல்லாம் உயிரோடு இருக்கும், கழுத்துக்கு மேலே போனால் பென்சில் நின்றுவிடும். சார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வட்டம், நடுவில் குறுக்கே ஒரு கோடு, கண், மூக்கு. அவளும் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதையும் பிடித்துக்கொள்ள முடியும், அதுதான் வினை. கீழ்ப் பரீட்சையில் ஏ கிரேடு வந்தது. வீட்டுக்காரர் கட்டடம் முழுக்கப் பேடா கொடுத்தார். கடைக்கு வந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று. நானும் ஆபீசுக்கு ஒரு பெட்டி கொண்டுபோனேன்.

அந்த வருஷ மே மாத லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடையில் இருந்தோம். மகள் இப்போது கவுண்டருக்கு அடியில் உட்காரும் உயரமா, என்ன? ஸ்டூலில் உட்கார்ந்து மொபைலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஒரு பெட்டியின் உள்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் ஆசையாக அதைப் பிரித்து, ஓரங்களை நறுக்கி அவளிடம் நீட்டினார்.

"ஏட்டி, எவ்வளவு நாளாச்சு நீ கடையில வரைஞ்சு. ஏதாவது வரை பாப்பம்."

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். தெருவைப் பார்க்கவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "டாபிக் என்னப்பா?" என்றாள்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, படிச்ச ஆர்ட்டிஸ்ட் மாதிரி கேக்கா! சரி, மார்க்கெட் வரை."

ஒரு தெருவே முன்னால் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், வரைவதற்குத் தலைப்புக் கேட்கிறாள். டீ குடித்து முடிப்பதற்குள் படம் தயார். இடது பக்கம் மரம், பச்சைப் புடவை, கூடை, வலது பக்கம் கூரை. பலூனும் இருந்தது. வீட்டுக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க வாங்குனீங்க? பிரிண்ட் போட்டதா?" என்று கேட்டார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மகள் மறுபடியும் மொபைலை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "இப்பல்லாம் சும்மா வரையணும்னு தோணலையா?"

"என்னத்த வரைய?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "முன்னாடி வரைஞ்சதெல்லாம் தப்பும்மா. ஒரு ஃபிகர்கூட முழுசா இல்ல" என்றாள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. சமையலறைக்குப் போய்விட்டேன். ஒரு பிள்ளை தனக்குத் தெரியாததைக் கற்றுக்கொள்வது சரி. தனக்குத் தெரிந்ததைத் தப்பு என்று கற்றுக்கொண்டு வந்து நிற்கிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாரிடமே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். சனிக்கிழமை மத்தியானம் போனபோது அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு டப்பா நிறையப் பிள்ளைகளின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார். கலர்க் கிண்ணங்களைத் தள்ளி வைத்து எனக்கு நாற்காலி போட்டார். நான் இந்தியில் பொரிந்து தள்ளினேன். என் மகள் வரைந்துகொண்டிருந்தாள், உங்களிடம் வந்து நிறுத்திவிட்டாள், ஒரே படத்தை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரைவதற்குப் பெயர் ஓவியமா, இதற்கு ஜெராக்ஸ் மெஷினைக் கூட்டி வந்து உட்கார வைக்கலாமே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பதில் சொன்னார். திருத்துகிறவர் முன்னால் மலையாகத் தாள் குவிந்திருக்கும், ஒரு தாளுக்கு ஒரு பார்வைதான், அந்தப் பார்வையில் மூன்று உருவமும் பளிச்சென்று தெரிய வேண்டும், உங்கள் மகளின் கால்களை நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது என்றார். தன்னிடம் வருகிறவர்கள் வரைய வருவதில்லை, மார்க்குக்கு வருகிறார்கள், கேட்டு வந்ததைக் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். எல்லாம் உண்மை. நாங்கள் கேட்டு வந்ததும் அதைத்தான். என் கோபம் உட்கார இடமில்லாமல் நின்றது.

"அன்னைக்கு அந்த அட்டையெல்லாம் ரொம்ப நேரம் பாத்தீங்களே?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். ஓவியக் கல்லூரியில் படிக்கிற காலத்தில் லோக்கல் ரயிலில் தூங்குகிறவர்களை வரைவாராம். அது ஒன்றுதான் வரைவாராம். வாய் பிளந்து தூங்குகிறவர், பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்குகிறவர். பிறகு கல்யாணம், குடும்பம், கிளாஸ். பரீட்சை முடிந்ததும் உங்கள் மகள் தன் படத்துக்குத் திரும்பிப் போகட்டும், அதற்காகத்தான் அதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன் என்றார்.

"போனது திரும்பி வருமா, சார்?"

அவர் ஒரு பென்சிலின் முனையை விரலில் தொட்டுப் பார்த்தார். "மேரா தோ நஹீ ஆயா, மேடம்" என்றார். எனக்குத் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு, வானத்துக்கு அடர்த்தியாக நீலம் பூசிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், தண்ணீர் சேர் என்று குரல் கொடுத்தார்.

வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தேன். கிளாஸை நிறுத்திவிடலாம், மேல் பரீட்சை வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"படம் எங்கட்டி போயிரப் போவுது? அது அவ கையில இருக்கு. மார்க்கு இந்த வருசம் போனாப் போனதுதான்."

"நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அவ கையிலயும் இப்ப அது இல்லங்க."

"ஒனக்குப் புரியாது. நீ பாஸாகி வேலைக்குப் போன. நான் கணக்குல பெயிலாயி, மறுநாளே கடையில உக்காந்தவன். ரேடியோவப் பிரிச்சி மாட்டுவேன், டிவியப் பிரிச்சி மாட்டுவேன். இன்னைக்கும் தெருவுல மிக்ஸி ஓடலன்னா எங்கிட்டதான் வாராவ. அதுக்கு எவன் மார்க்குப் போட்டான்? பேப்பர்ல இல்லன்னா ஒண்ணும் இல்ல ஏளா. எம் மவளுக்காவது பேப்பர்ல இருக்கட்டும்."

அவர் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கணக்குப் பரீட்சை அவருக்கு இன்னும் முடிந்துபோகவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. மகள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் எழுதுறேன். டென்ஷன் ஆவாதீங்க ரெண்டு பேரும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

பரீட்சைக்கு மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் விழுந்தது. செப்டம்பர் மழை. திலக் நகரில் ஏறி, குர்லாவில் இறங்கி, லைன் மாறி நின்றோம். பிளாட்பாரக் கூரை ஒழுகியது. என் கவலையெல்லாம் அவளுடைய வரைபலகை நனையக் கூடாதே என்பதில்தான் இருந்தது. பாலிதீனைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் எங்கள் கிளாஸ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்று, காற்றில் விரலால் மரம் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தோணுறத வரைட்டி என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அவள் அப்பா சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்தது. "டைமைப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தலைப்பு, மழை நாளில் பஸ் நிறுத்தம். எல்லாருக்கும் ஒரே குஷி. "ஆன்ட்டி, பலூன் வரைக்கும் போட்டாச்சு!" என்றான் ஒரு பையன். என் மகள் கடைசியாக வந்தாள். விரலெல்லாம் சாம்பல் நிறம். கன்னத்தில் வேறு ஒரு கோடு.

"முடிச்சியா?"

"இல்லம்மா. பசிக்குது. சாப்பாடு வாங்கிக் குடு."

ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தோம். இட்லி வருகிறவரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. பேச ஆரம்பித்துவிட்டாள்.

"குர்லாவுல நம்ம பக்கத்துல ஒரு ஆன்ட்டி நின்னாங்கல்ல?"

"எந்த ஆன்ட்டி?"

"அரே, நீ பாக்கலையா? ஆபீஸ் பேக் மாட்டிட்டு. துப்பட்டாவ முன்னாடி இழுத்துப் பிழிஞ்சிட்டே இருந்தாங்கம்மா. பிழிய பிழிய தண்ணி வருது, அவங்க அதப் பாக்கவே இல்ல. டிரெயின் வருதான்னு எட்டிப் பாக்குறாங்க. கை மட்டும் தனியா பிழியுது. மூஞ்சி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மூஞ்சில தூக்கம். கையில மட்டும் அவ்ளோ கோபம்! டாபிக் பாத்ததும் அவங்கதான் வந்தாங்க. ஃபர்ஸ்ட் அவங்களப் போட்டுட்டு மரம் போடலாம்னு நெனச்சேன். அந்த முறுக்கு இருக்குல்ல, துப்பட்டால, அது வரவே இல்ல. அழிச்சு அழிச்சுப் போட்டேன். கடைசில வந்துருச்சு. மஸ்த், சூப்பரா வந்துருச்சும்மா! அப்புறம் பாத்தா பெல் அடிச்சிட்டாங்க."

"மத்த ரெண்டு பேரு?"

"தலைக்கு வட்டம் போட்டேன். அவ்ளோதான்."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை. ஒரு வருஷ அலைச்சல், மார்க், காலேஜ், அவர் முகம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. திட்ட வாயைத் திறந்தேன். அவள் சாம்பார்க் கரண்டியின் பிடியை இரண்டு கையாலும் முறுக்கி, அந்தப் பெண் துப்பட்டாவை எப்படிப் பிழிந்தாள் என்று எனக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளை இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. திறந்த வாயில் ஒரு துண்டு இட்லியைப் போட்டுக்கொண்டேன்.

அப்போது வீட்டுக்காரர் போன் செய்தார்.

"என்ன ஏளா, எப்படி எழுதியிருக்கா?" பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"நல்லா வரைஞ்சிருக்கா."

"அப்ப ஏ கிரேடு பக்கா."

"வராது."

"என்ன சொல்லுத? நல்லா வரைஞ்சிருக்கான்னு இப்பதான சொன்ன?"

"ஆமா. ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கா. கிரேடு வராது. மூணு பேருல ஒருத்திய மட்டுந்தான் முடிச்சிருக்கா."

மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இதைச் சொல்லிவிட வேண்டும்: பிற்பாடு வந்த முடிவும் நான் சொன்னதுதான், கிரேடு வரவில்லை. அந்த நிமிஷத்தில் நான் பயந்தது கிரேடுக்காக இல்லை. அவர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் போதும், கன்னத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளை மறுபடியும் மொபைலைக் கையில் எடுத்துவிடுவாள். அந்தப் பக்கம் கடையில் யாரோ துவரம்பருப்பு அரைக் கிலோ கேட்பது போனில் காதில் விழுந்தது.

"அவகிட்ட குடு" என்றார் கடைசியில்.

கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பயந்துபோய்ப் போனைக் காதில் வைத்தாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"யாரட்டி அந்த ஒருத்தி?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ப்பா, குர்லா ஸ்டேஷன்ல ஒரு ஆன்ட்டி" என்று தொடங்கினாள். நடுவில் துவரம்பருப்புக்காரர் மறுபடியும் கூப்பிட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் போனைக் கீழே வைக்காமலே அவரிடம் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க, எம் மவ பேசுதா."